சுழற்றிப் பார்க்கும் படம்: கடைசிப் படத்தில் எகிறுகிறது, மொபைலில் பக்கமே காணாமல் போகிறது

மண்குடுவை:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன அருங்காட்சியகம் ஒன்றில் ஆவணப்படுத்தும் வேலை பார்க்கிறேன். சேகரிப்பிலிருந்து 40 பொருட்களை இணையதளத்தில் போட வேண்டும், பார்ப்பவர் விரலால் இழுத்தால் பொருள் சுழல வேண்டும், இதுதான் என் தலையில் விழுந்திருக்கும் வேலை. மண்பாண்டங்கள்தான் அதிகம், சில வெண்கலச் சிலைகள், இரண்டு கண்ணாடிச் சீசாக்கள், கொஞ்சம் நாணயங்கள். ஆளும் நான் ஒருவன்தான், கேமராவும் ஒன்றுதான்.

டர்ன்டேபிள் (பொருளைச் சுழற்றும் மேடை) நானே செய்தேன். ஆர்டுயினோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, 28பிஒய்ஜே-48 என்கிற அந்தச் சின்ன ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்புவது, முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் வாங்குவது), அதன் தண்டில் ஒட்டிய வட்டப் பலகை. ஒரு சுற்றுக்கு 72 படம், ஒவ்வொன்றும் 2000க்கு 2000 பிக்சல், வெள்ளைப் பின்னணி. இதுவரை மாதிரிக்காக ஒரு பூந்தொட்டியை மட்டும் எடுத்துப் பார்த்தேன், நிஜப் பொருளை இன்னும் தொடவில்லை.

பிரச்சினைகள்:

ஒன்று, தொட்டி சுழலும்போது இடமும் வலமுமாக ஆடுகிறது, குடித்துவிட்டு நடப்பது மாதிரி. இரண்டு, 72ஆவது படத்திலிருந்து முதல் படத்துக்கு வரும்போது மட்டும் ஒரு எகிறு எகிறுகிறது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று போகிறது, அந்த ஒரு இடம் மட்டும்தான். மூன்று, கணினியில் நன்றாக ஓடுகிறது, மொபைலில் திறந்து இரண்டு சுற்றுச் சுற்றினால் பக்கம் தானாக ரீலோட் ஆகிவிடுகிறது. இணைய வேகம் காரணமில்லை, படமெல்லாம் இறங்கி முடிந்த பிறகுதான் இப்படி ஆகிறது.

இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், இந்தக் காலத்தில் யார் இப்படிச் சுற்றிச் சுற்றி வரிசைப் படம் எடுக்கிறார்கள், நேராக முப்பரிமாண மாடலே செய்துவிடு என்கிறார். குழம்பிப் போயிருக்கிறேன்.

சுழல்வட்டம்:

இரண்டாவது பிரச்சினையை முதலில் பார்ப்போம், அது வெறும் கணக்கு. அந்த மோட்டாருக்கு ஒரு சுற்று 2048 ஸ்டெப் என்று எடுத்திருப்பீர்கள். 2048ஐ 72ஆல் வகுத்தால் 28.44. நிரலில் முழு எண்ணாக வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் 28 ஸ்டெப் மட்டும் நகர்ந்திருக்கும், 0.44 காற்றில் போயிருக்கும். 72 முறை சேர்ந்தால் 2016தான் வருகிறது, 32 ஸ்டெப் குறைவு. மற்ற படங்களுக்கு நடுவே 4.9 டிகிரி இடைவெளி, கடைசிக்கும் முதலுக்கும் நடுவே மட்டும் பத்தரை டிகிரி. நீங்கள் பார்க்கும் எகிறல் அதுதான்.

64 படமாக மாற்றினால் 32 ஸ்டெப் என்று சரியாக வகுபடும் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இந்த மோட்டார்கள் பலவற்றின் உள்ளே பல்சக்கர விகிதம் 64 கிடையாது, 63.68 சொச்சம். அப்படியானால் ஒரு சுற்று 2038 ஸ்டெப். உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க, பலகை விளிம்பில் ஒரு பென்சில் கோடு, அதற்கு நேர் கீழே மேசையில் ஒரு கோடு போடுங்கள், 20480 ஸ்டெப் ஓடவிடுங்கள். கோடுகள் நேராக வந்து நின்றால் 2048. சுமார் 17, 18 டிகிரி தாண்டி நின்றால் 2038. அப்புறம் நிரலில் ‘இன்னும் 28 ஸ்டெப் போ’ என்று எழுதாதீர்கள். எத்தனையாவது படமோ அதை மொத்த ஸ்டெப்பால் பெருக்கி, படங்களின் எண்ணிக்கையால் வகுத்து, முழுமையாக்கி, ‘இந்த இடத்துக்குப் போ’ என்று எழுதுங்கள். அப்போது பிழை சேராது, எந்தப் படத்திலும் அரை ஸ்டெப்புக்கு மேல் தவறு வராது.

ஆட்டத்துக்குக் காரணம் பொருளின் நடுவும் பலகையின் நடுவும் ஒன்றாக இல்லாதது. கண்ணால் பார்த்து நடுவில் வைத்தேன் என்றால் போதாது. பொருளை வைப்பதற்கு முன்பு பலகையின் மையத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாகக் களிமண்ணில் நட்டு வையுங்கள். கேமராத் திரையின் லைவ் வியூவில் கட்டக்கோடுகளை இயக்கி, நடுக்கோடு பென்சில் மேலேயே விழும்படி ட்ரைபாடைச் சரிசெய்யுங்கள். பலகையை 180 டிகிரி திருப்பினாலும் பென்சில் அசையவில்லை என்றால் மேடையும் கேமராவும் ஒத்துப்போய்விட்டன. அதன் பிறகு பென்சிலை எடுத்துவிட்டுப் பொருளை வைத்து, 0, 90, 180, 270 என்று நான்கு இடத்திலும் இடது விளிம்பும் வலது விளிம்பும் நடுக்கோட்டிலிருந்து சமதூரத்தில் வரும்வரை தள்ளித் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருக்கிற கூஜா மாதிரி என்றால் கைப்பிடியைக் கணக்கில் எடுக்காதீர்கள், வயிற்றுப் பகுதியை மட்டும் நடுவில் வையுங்கள், கைப்பிடி சுற்றி வரட்டும். கைப்பிடியையும் சேர்த்து நடு பார்த்தால் கூஜா மொத்தமும் ஆடும்.

ஏற்கெனவே எடுத்த படத்தையும் ஓரளவு காப்பாற்றலாம். மையம் விலகிய பொருள் படத்தில் சைன் அலை மாதிரிதான் இடம் வலம் போகும், அதனால் அதே சைன் அளவுக்கு ஒவ்வொரு படத்தையும் எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டால் ஆட்டம் நிற்கும். ஆனால் பொருள் கேமராவுக்குக் கிட்டே வந்து தூரப் போவதால் வரும் அளவு மாற்றம் அப்படியே இருக்கும். ஒரு செ.மீ. விலகல், கேமரா அரை மீட்டரில் என்றால் 2 சதவீதம் பெரிதாகிச் சிறிதாகும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி 100 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தால் அது 0.7 சதவீதம்தான். எப்படியும் தள்ளி நின்று எடுப்பதே நல்லது, பானையின் வாயும் வயிறும் இயல்பாகத் தெரியும்.

மோட்டார் நின்றவுடன் ஷட்டரை அழுத்தாதீர்கள், இரண்டு விநாடி விடுங்கள். பொருள் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்.

பஞ்சுக்கையுறை:

மேலே எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் ‘மோட்டார் தண்டில் ஒட்டிய வட்டப் பலகை’ என்று படித்தவுடன் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் அருங்காட்சியகப் பொருட்கள் கெடாமல் உடையாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருப்பவள். அந்த மோட்டாரின் தண்டு 5 மி.மீ. தடிமன், உள்ளே இருக்கும் பல்சக்கரங்களும் சின்னவை. பொருளின் பாரம் முழுவதும் அதன் மேல் இறங்கக் கூடாது. அகலமான வட்டப் பேரிங் வாங்கிப் பலகையை அதன் மேல் உட்கார வையுங்கள், மோட்டாரின் வேலை திருப்புவது மட்டுமாக இருக்கட்டும். பொருளின் எடையைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள வேறு எதையாவது வைத்து நூறு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு நிஜப் பொருளை வையுங்கள். பூந்தொட்டியோடு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

பலகை வழுக்கும். மேலே மெல்லிய பாலிஎத்திலீன் ஃபோம் ஒரு வட்டம் வெட்டிப் போடுங்கள். அடி உருண்டையாக இருக்கும் பானைக்கு ஃபோமில் வளையம் வெட்டி அதற்குள் நிறுத்தலாம், வளையம் படத்தில் தெரிந்தால் தெரியட்டும், பின்னணியின் நிறத்திலேயே எடுத்தால் உறுத்தாது. மெழுகு வைத்து ஒட்டுவதற்கு முன்பு கேட்டுக்கொள்ளுங்கள், மெருகு இல்லாத மண்பாண்டம் அதை உறிஞ்சிக்கொள்ளும். கையுறை நைட்ரில். என் பெயரில் பஞ்சு இருக்கிறதே என்று கேட்காதீர்கள், பஞ்சுக் கையுறை போட்டுப் பானை வழுக்கிய காலத்தில் வைத்த பெயர் இது.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. மண், உலோகம், கண்ணாடிக்குக் கவலை குறைவு. சாயம் பூசியது, துணி, காகிதம் ஏதாவது பின்னால் வந்தால் கணக்குப் போட்டே எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பொருட்களைக் காட்சியில் 50 லக்ஸ் வெளிச்சத்தில்தான் வைப்போம். நீங்கள் 2000 லக்ஸில் அரை மணி நேரம் படம் எடுத்தால் அது 1000 லக்ஸ்-மணி, அதாவது 20 மணி நேரக் காட்சிக்குச் சமம். பெரிய பாதகமில்லை, ஆனால் சட்டகம் பார்க்கிறேன் ஃபோகஸ் பார்க்கிறேன் என்று மூன்று மணி நேரம் விளக்கை எரிய விடாதீர்கள். எல்லாவற்றையும் பூந்தொட்டியை வைத்துச் சரிசெய்துவிட்டு, கடைசியில் பொருளை மாற்றி வையுங்கள்.

ஒரே நாளில் அடுத்தடுத்து எடுத்துத் தள்ளுவதும் வேண்டாம். பெட்டியிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதும்தான் பொருள் உடையும் நேரம், படம் எடுக்கும் நேரம் இல்லை.

முப்பரிமாணி:

அந்தத் ‘தெரிந்தவர்’ பக்கம் நான். வரிசைப் படத்தில் நீங்கள் வைத்த ஒரே உயரத்திலிருந்துதான் பார்க்க முடியும், பானைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அடிப்பக்கம் தெரியாது, அளக்க முடியாது. ஃபோட்டோகிராமெட்ரியில் (பல கோணப் படங்களிலிருந்து மென்பொருளே முப்பரிமாண மாடல் செய்வது) எல்லாம் முடியும். அதற்கான மென்பொருளில் மெஷ்ரூம் இலவசம், திறந்த மூலம் (என்விடியா அட்டை உள்ள கணினி வேண்டும்), மெட்டாஷேப் காசு கொடுத்து வாங்குவது. மூன்று உயரங்களில் மூன்று சுற்று, பிறகு பொருளைக் கவிழ்த்து இன்னொரு சுற்று, எல்லாம் சேர்த்து 150 படம் போனால் ஒரு நல்ல மாடல் வரும். ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாக எடுத்து, இணையப் பக்கத்தில் அதைக் காட்டும் கூகுளின் மாடல்-வியூவரிலோ ஸ்மித்சோனியனின் வாயேஜரிலோ போட்டால் வேலை முடிந்தது, இரண்டும் திறந்த மூலம்தான்.

டர்ன்டேபிளில் எடுத்தால் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மென்பொருளுக்குப் பொருள் சுழல்கிறது என்பது தெரியாது, கேமராதான் சுற்றி வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். பின்னணியில் சுவர்க் கறை, மேசை விளிம்பு, ஒயர் ஏதாவது தெரிந்தால் அது எல்லாப் படத்திலும் அசையாமல் ஒரே இடத்தில் இருக்கும், உடனே ‘கேமரா நகரவே இல்லை’ என்று மென்பொருள் முடிவுகட்டிவிடும். ஒன்று, பின்னணி எந்த அடையாளமும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும். என் முதல் மாடலில் ஒரு கிண்ணம் எட்டுப் பக்கமும் பூதம் மாதிரி முளைத்து வந்தது, காரணம் பின்னால் ஜன்னல் கம்பி.

சுழல்வட்டம்:

மண்பாண்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி. கண்ணாடிச் சீசாவுக்கு என்ன செய்வீர்கள்?

முப்பரிமாணி:

கண்ணாடிக்கு வாயை மூடிக்கொள்வேன் :) நேர்மையாகச் சொன்னால் ஃபோட்டோகிராமெட்ரிக்குக் கண்ணாடி, பளபளக்கும் உலோகம், ஒரே நிறத்தில் வழவழப்பான மேற்பரப்பு இவையெல்லாம் ஆகாது, ஒரு புள்ளியை இரண்டு படங்களில் அடையாளம் கண்டுபிடிக்க முடிந்தால்தான் அது வேலை செய்யும். 2023இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங் (ஏராளமான மங்கலான வண்ணப் புள்ளிகளால் பொருளைக் காட்டும் முறை) இதில் ஓரளவு பரவாயில்லை, பளபளப்பு பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறுவதுகூட வருகிறது. ஆனால் அதில் மேற்பரப்பு என்று ஒன்று கிடையாது, அளவெடுக்கும் ஆவணமாக அதை நம்ப மாட்டேன்.

வெண்கலத்தில் பச்சை படிந்து மங்கியிருந்தால் நன்றாகவே வரும். மெருகு போட்ட பாண்டத்துக்குக் குறுக்கு போலரைசேஷன்: விளக்குகளின் மேல் போலரைசர் தாள், லென்ஸில் போலரைசர் ஃபில்டர், ஒன்றுக்கொன்று 90 டிகிரி. பளிச்சென்ற வெள்ளைத் திட்டுகள் மறைந்துவிடும். வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறையும், ட்ரைபாட் இருப்பதால் கவலையில்லை. பச்சை படியாத பளபள உலோகத்தில் இதைச் செய்யாதீர்கள், கறுத்துப் போய்க் கரிக்கட்டை மாதிரி தெரியும்.

பிக்சல்பித்து:

மூன்றாவது பிரச்சினைக்கு யாரும் வரவில்லையே. நண்பரே, உங்கள் கோப்பு அளவைப் பார்க்காதீர்கள், விரித்த அளவைப் பாருங்கள். ஜேபெக் கோப்பு 300 கேபிதான் இருக்கும், ஆனால் திரையில் காட்டுவதற்குப் பிரவுசர் அதை விரித்து நினைவகத்தில் வைக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட். 2000 பெருக்கல் 2000 பெருக்கல் 4 என்றால் 16 எம்பி. 72 படத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல். ஒரு முழுச் சுற்று முடிவதற்குள் எல்லாப் படமும் விரிந்துவிடும், மொபைல் பிரவுசர் மூச்சுத் திணறிப் பக்கத்தையே கொன்றுவிடும். அதைத்தான் ரீலோட் என்கிறீர்கள்.

36 படம், 1000 பிக்சல் என்று குறையுங்கள். 144 எம்பி, பெரும்பாலான மொபைல் தாங்கும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு, சுழற்சி நின்றவுடன் அந்த ஒரு படத்தை மட்டும் பெரிய அளவில் இறக்குங்கள். யாரும் சுழலும்போது பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

இறக்கும் வரிசையையும் மாற்றுங்கள். 1, 2, 3 என்று இறக்கினால் பாதியில் இழுப்பவருக்கு அரைப் பானைதான் சுழலும். முதலில் 1, 10, 19, 28, பிறகு அவற்றுக்கு நடுவில் இருப்பவை, பிறகு மிச்சம். ஆரம்பத்தில் தத்தித் தத்திச் சுழன்றாலும் முழுச் சுற்றும் உடனே கிடைத்துவிடும்.

எல்லோரும் விடும் தவறு ஒன்று: விரலை வலப்பக்கம் இழுத்தால் பொருளின் முன்பக்கம் வலப்பக்கம் போக வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் எரிச்சலாக இருக்கும். மேடை மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திரும்பியிருந்தால் படங்களின் வரிசையும் வலப்பக்க இழுப்பும் ஒத்துப்போகும். அப்புறம் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷனை பேன்-ஒய் (மேல்கீழ் இழுப்பைப் பக்கத்துக்கே விடுவது) என்று வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தைக் கீழே தள்ள நினைப்பவர் விரல் பானையில் மாட்டிக்கொள்ளும். விசைப்பலகை அம்புக்குறியிலும் சுழல வேண்டும். பக்கம் திறந்தவுடன் தானாகச் சுழல விடாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும்.

இன்னொன்று, ரா கோப்புகளை (கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களை) பத்திரமாக வையுங்கள். ஆப்பிளின் குயிக்டைம் விஆர் 1995இல் வந்தபோது இதே வேலையைத்தான் செய்தது, அதில் செய்து வைத்தவர்களின் பக்கங்கள் இன்று திறக்காது. அதற்குப் பின் எல்லோரும் ஃபிளாஷுக்குப் போனார்கள், 2020 டிசம்பர் 31ஓடு அதற்கும் ஆதரவு முடிந்தது. படங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்திருந்தவர்கள் புதிய வியூவர் (சுழற்றிக் காட்டும் நிரல்) எழுதிப் பிழைத்துக்கொண்டார்கள். வியூவர் கோப்பை மட்டும் வைத்திருந்தவர்கள் முதலிலிருந்து எடுத்தார்கள்.

சுழல்வட்டம்:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. வெள்ளைப் பின்னணியை விடுங்கள். அதை வெள்ளையாக்க வெளிச்சத்தைக் கொட்டினால் அது பொருளின் ஓரங்களைச் சுற்றி வழிந்து விளிம்பைத் தின்றுவிடும். நடுத்தரச் சாம்பல் நிறம் போதும், முப்பரிமாணி சொன்ன வெறுமையான பின்னணிக்கும் அதுவே ஆகும். கண்ணாடிச் சீசாவுக்கு மட்டும் பின்னாலிருந்து வெளிச்சம், அப்போதுதான் விளிம்புகள் கறுப்புக் கோடாக எடுத்துக்காட்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவல். ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் பொருள் சுழலச் சுழல மினுக்கும்.

நாணயத்தைச் சுழற்றாதீர்கள், வேடிக்கையாக இருக்கும், பயன் இருக்காது. பாதிச் சுற்று நேரம் முகம் ஒடுங்கித்தான் தெரியும், இடையில் வெறும் கோடாகவே ஆகிவிடும். அதற்கு ஆர்டிஐ (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங், தகவல் உரிமைச் சட்டம் இல்லை) இருக்கிறது. கேமராவும் நாணயமும் அசையாது, விளக்கை மட்டும் ஐம்பது இடங்களுக்கு நகர்த்தி ஐம்பது படம். பார்ப்பவர் மவுஸை நகர்த்தினால் வெளிச்சம் நகரும், தேய்ந்த எழுத்தெல்லாம் எழுந்து வரும். 2001இல் எச்பி ஆய்வகத்தில் பிறந்த முறை.

மண்குடுவை:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

பென்சில் கோடு வைத்து ஓட்டிப் பார்த்தேன், 17 டிகிரி தாண்டித்தான் நின்றது, ஆக என்னுடையது 2038. நிரலை மாற்றியதும் எகிறல் போயிற்று. கேமரா மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி இருந்திருக்கிறது, சரிசெய்தேன். பேரிங் வாங்கிப் போட்டாயிற்று, செங்கல் வைத்து நூறு சுற்றும் ஓட்டினேன். 36 படம், 1000 பிக்சல், பழைய மொபைலில்கூட நிற்காமல் ஓடுகிறது. மண்பாண்டங்களை மூன்று உயரத்தில் எடுக்கிறேன், நடு உயரத்தை இப்போது வரிசைப் படமாகப் போடுகிறேன், மற்றதை வைத்துப் பின்னால் மாடல் செய்துகொள்ளலாம்.

புதிதாக ஒரு கிண்ணம் படுத்துகிறது. அச்சில் வார்த்தது, விளிம்பைச் சுற்றி வரிசையாகப் பள்ளங்கள். சுழற்றினால் கிண்ணத்தின் ஓவியம் சுழல்கிறது, விளிம்பு மட்டும் அப்படியே நிற்கிறது! வேறு படம் மாறி ஏறிவிட்டதோ என்று மூன்று தடவை பார்த்தேன்.

சுழல்வட்டம்:

பள்ளங்களை எண்ணினீர்களா? 36ஆக இருக்கும். ஒரு படத்துக்குப் பத்து டிகிரி, ஒரு பள்ளத்துக்கும் பத்து டிகிரி, அடுத்த பள்ளம் முந்தையதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 40 படம் எடுத்துப் பாருங்கள்.

மண்குடுவை:

36தான். 40 எடுத்தேன். இப்போது விளிம்பு மெதுவாகப் பின்னோக்கிச் சுழல்கிறது.

பிக்சல்பித்து:

சிரித்து முடித்துவிட்டு வருகிறேன். 9 டிகிரி நகர்ந்தால் கண்ணுக்கு ஒரு டிகிரி பின்னால் போனதாகத்தான் படும். பள்ள இடைவெளியில் பாதிக்கும் குறைவாக நகர்த்தினால்தான் சரியான திசை தெரியும், அதாவது 5 டிகிரிக்குக் கீழே. 72 படம் சரியாக 5 டிகிரி, அதிலும் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று தெரியாமல் மின்னும். அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் 96 எடுங்கள், அளவை 700 பிக்சலாகக் குறைத்தால் 190 எம்பிக்குள் அடங்கிவிடும்.

மண்குடுவை:

96 எடுத்தாயிற்று. விளிம்பும் ஓவியமும் சேர்ந்தே சுழல்கின்றன. இனி இரண்டு சீசாக்கள் பாக்கி, பின்னால் வைக்க ஒரு லைட் பாக்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன்.